காலுறையை நக்கிப் பார்த்த குடும்பம்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு நானும் அண்ணியும் பஸ்ஸில் போயிருந்தோம். உப்பு வாரும் பருவம் என்பதால் அம்மாவால் வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, முழங்காலுக்குக் கீழே எனக்கு மிச்சமிருக்கும் இடது காலைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன் எலும்பு முடிகிற இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண் சிவந்து ஈரமாக இருந்தது.

"போன தடவையும் இதே எடம்தானே?"

"ஆமாங்க மேடம்."

"அதுக்கு முன்னாடியும்?"

அண்ணிதான் "அதே எடம்தாங்க" என்றாள்.

"செயற்கை லெக்கை பத்து நாள் போடாதீங்க, ஆறட்டும். அப்புறம் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு ஏத்திட்டு வாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பார்க்குறேன். அப்பவும் ஒடைஞ்சிருந்தா, எலும்பு முனையைக் கொஞ்சம் எடுத்துட்டுத் திரும்பத் தைக்கிறதைப் பத்தி யோசிக்கணும்."

திரும்பவும் ஒரு ஆபரேஷன். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அடுத்த நோயாளியின் ஃபைலை எடுத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வரும் வழியில், கூனிமேட்டில் ஏறிய ஒரு அம்மாவிடம் அண்ணி பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எத்தனை சென்டிமீட்டர் எடுப்பார்கள் என்று கேட்காமல் வந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். நான் வெளியாட்கள் முன்னால் அழுகிறவள் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், கல்லூரிக் கடைசி ஆண்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஒரு லாரி என் காலை நசுக்கியது. அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை. கண் விழித்தபோது கட்டிலில் இருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னுடையவை. கடைசி செமஸ்டரை வீல்சேரில் உட்கார்ந்து எழுதினேன். வேதியியலில் பட்டம் வாங்கினேன். செயற்கைக் கால் பொருத்தி நடக்கக் கற்றேன். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அதன் வாசலையே மிதித்ததில்லை. அண்ணன் பாதியில் இறங்கி உப்பளத்துக்குப் போய்விட்டான். அதனால் என் கால் விஷயத்தில் வீட்டில் நான் சொல்வதுதான் சட்டம். "படிச்ச புள்ளை, அதுக்குத் தெரியும்" என்று அப்பா ஒதுங்கிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் மிச்சமிருக்கும் காலை 'ஸ்டம்ப்' என்பார்கள். அந்தச் சொல் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. 'சின்னக்கால்' என்று அவளாகப் பெயர் வைத்தாள். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. செயற்கைக் கால் மட்டும் எல்லோருக்கும் 'லெக்கு'.

சின்னக்காலைப் பார்த்துக்கொள்வது ஒரு தினசரி வேலை. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் லெக்கைக் கழற்றி, மிதமான சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். காலையில் கழுவக்கூடாது. தோலில் ஈரம் இருந்தால், லெக்கின் மேல்முனையில் சின்னக்கால் உட்காரும் கிண்ணத்துக்குள் ஒட்டிக்கொண்டு உரியும். கழுவியதும் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். பிறகு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து, நேராகப் பார்த்தால் தெரியாத அடிப்பக்கம், தழும்பின் மடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் சிவப்பு மறைந்தால் சரி, மறையாவிட்டால் அன்றைக்கு லெக்குக்கு லீவு.

அடுத்தது காலுறை. கிண்ணத்துக்கும் தோலுக்கும் நடுவில் பருத்திக் காலுறை போட வேண்டும். தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது. காலையில் இரண்டு போட்டால் மத்தியானத்துக்குள் சின்னக்கால் கொஞ்சம் சுருங்கிவிடும், கிண்ணம் லொடலொடக்கும். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் லேப் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி மூன்றாவதைப் போட்டுக்கொள்வேன். போட்ட காலுறைகளை அன்றன்றே துவைக்க வேண்டும். நன்றாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்ததை எல்லாம் சார்ட் பேப்பரில் என் கையெழுத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தேன். நான் எழுதிய ஒரு வரியையும் மீறியதில்லை. அப்படியிருந்தும் புண் வந்தது.

அது வந்த விதம்தான் புரியவில்லை. லெக்கைக் கழற்றி வைத்தால் பத்தே நாளில் ஆறிவிடும். திரும்பப் போட ஆரம்பித்தால் இரண்டாவது வாரம் அதே இடம் சிவக்கும், பிறகு வெடிக்கும். கால் செய்து கொடுத்த டெக்னீஷியன் கிண்ணத்தை இரண்டு தடவை சோதித்துவிட்டார். அளவு சரியாகத்தான் இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கண்ணேறு. அண்ணனுக்கு, பிளாஸ்டிக் கட்டை மனுஷத் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு, என்னிடம்தான் ஏதோ ஒழுங்குக் குறைவு. அதனால் இன்னும் ஒழுங்கானேன். இரண்டு தடவை அலசிய காலுறையை நான்கு தடவை அலசினேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரும்பை கிராமத்துக்குப் பக்கத்துச் செம்மண் ஊர், கத்தரியும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். எட்டாவதோடு நின்றவள். என்னைவிட ஒரு வயது சின்னவள், ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி என்ற உரிமையில் என்னைப் 'பாப்பா' என்பாள். நான் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த முதல் நாளிலிருந்தே அவளுக்கு எங்கள் தண்ணீரோடு சண்டை.

"சோப்பு நுரையே வர மாட்டேங்குது. எங்க ஊர்ல ஒரு தேய் தேய்ச்சா வாளி பூரா நுரை."

"உங்க ஊரு தண்ணியை டேங்கர்ல வரவழைக்கட்டுமா மகாராணி?" என்பான் அண்ணன்.

"வரவழைங்க. மொதல்ல உங்க சட்டையை ஊற வைக்கிறேன். கழட்டி வெச்சா தானா நிக்குது அது."

நாங்கள் சிரிப்போம். புதுப்பெண் தாய்வீட்டுப் பெருமை பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வோம். என் காலுறைகளைத் துவைத்துத் தருவதாக அவள் ஒருமுறை கேட்டபோது, "வேணாம் அண்ணி, இதுக்குன்னு ஒரு முறை இருக்குது" என்று பீரோ கதவைக் காட்டினேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யப்பா, சாமிக்கு அபிஷேகம் பண்றதுக்குக்கூட இவ்ளோ இல்ல" என்றாள்.

டாக்டரம்மா சொன்ன பத்து நாளும் ஊன்றுகோலோடு அண்ணன் பைக்கில் பள்ளிக்குப் போய் வந்தேன். புண் மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாள் லெக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று காலுறைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டப்பாவிலிருந்து நான் எடுத்து வைத்த ஒன்றைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இது இன்னும் காயலியே."

"காஞ்சு எடுத்து வெச்சு பத்து நாள் ஆவுது அண்ணி."

"அப்போ ஏன் பிசுபிசுங்குது? இதான் இந்த ஊர்ல எனக்குப் புரிய மாட்டேங்குது, பாப்பா. கொடியில கெடக்கும்போது அப்பளம் மாரி நிக்குது. எடுத்து உள்ள வெச்சா நமுத்துப் போவுது. எங்க ஊர்ல காஞ்ச துணின்னா காஞ்சதுதான்."

சொல்லிக்கொண்டே காலுறையின் ஓரத்தை நாக்கில் வைத்துவிட்டாள்.

"ச்சீ! அண்ணி, அது என் கால்ல போட்டது!"

"தோச்சதுதானே? நாலு தபா அலசினேன்னு நீதானே சொன்ன?" மறுபடியும் வைத்துப் பார்த்தாள். "கரிக்குது, பாப்பா. கருவாடு மாரி கரிக்குது."

"உங்களுக்கு எல்லாமே கரிக்கும்."

"நீயே வெச்சுப் பாரேன்."

சண்டையை முடிப்பதற்காக நான் நாக்கில் வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி ருசிதான். வெற்றியோடு அவளைப் பார்த்தேன். அவள் விடவில்லை. உப்பளத்திலிருந்து கஞ்சி குடிக்க வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுவிட்டாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு நுனியைச் சப்பிப் பார்த்தாள். "எங்கடி கரிக்குது? சாதாரணமாத்தான் இருக்குது."

அப்பா இன்னொரு காலுறையை எடுத்தார். முழங்கால் வரை உப்பு பூத்த கால்களோடு வாசலில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, ரொம்பப் பொறுப்பாக நக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியேம்மா."

அண்ணனும் எழுந்து வந்தான். "இன்னா, எல்லாரும் துணியைத் தின்றீங்க? எனக்கு ஒண்ணு குடு." அவனுக்கும் தெரியவில்லை.

"நாலு பேரு நாக்கு பொய் சொல்லுமா?" என்றான்.

அண்ணி கீரைத் தண்டைக் கீழே போட்டாள். "நாலு நாக்கும் உப்புலயே ஊறின நாக்கு! இந்த வூட்ல ஒரு நாள் கொழம்புல உப்பு கம்மின்னு யாராவது சொல்லாம இருந்திருக்கீங்களா? எனக்குத்தான் வாய் வெந்துபோவுது. உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்தால்? உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். காய்ந்த காலுறை டப்பாவுக்குள் நமுத்துப் போவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? துணியை இன்னும் சுத்தமாக்குகிறேன் என்று ஒவ்வொரு முறையும் நான் அலசியது உப்பளத்துக்குப் பக்கத்தில் போட்ட எங்கள் போர்வெல் தண்ணீரில்தான்.

திங்கட்கிழமை லெக்கைப் போடவில்லை. ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் லேப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துவைத்த காலுறை ஒன்றைக் குடிக்கிற கேன் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்தேன். அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட் விட்டேன். உப்பு இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பேன். குழாயில் உண்மையாகவே தயிர் தோய்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் கேன் தண்ணீரிலும் விட்டேன். அது லேசாக மங்கியதோடு நின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது வெட்கம். மூன்று வருடம் கல்லூரியில் யார் யாருடைய தண்ணீரிலோ குளோரைடு எவ்வளவு என்று கண்டுபிடித்து மார்க் வாங்கியவள், வீட்டு வாளியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்ததில்லை. வெட்கத்தின் பின்னாலேயே, அதைத் தள்ளிக்கொண்டு வந்தது இன்னொன்று. ஒருவேளை எலும்பில் கோளாறே இல்லையோ. ஒருவேளை கத்தியே வேண்டாமோ. காலையில் விறைப்பாக உராய்ந்து, மத்தியானம் வியர்வையில் ஊறி உப்புக் கரைசலாகிற ஒரு துணியை நான் தினமும் அந்த எலும்பு முனையில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கரையாத சோப்பு வேறு, நுரைக்காத தண்ணீரில் சரியாக அலசப்படாமல் துணியிலேயே தங்கியிருக்கும்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா தன் பாதத்து வெடிப்புகளைத் தடவினாள்.

"வெடிப்புல உப்புத் தண்ணி பட்டா எப்படி எரியும்னு எனக்குத் தெரியாதாடி? தெனம் எரியுதே. எனக்குத் தோணலியே."

"யாருக்குமே தோணலம்மா."

"எனக்குத் தோணிச்சு" என்றாள் அண்ணி, அடுப்பங்கரையிலிருந்து.

அன்றிலிருந்து ஏற்பாடு மாறியது. துவைப்பது எந்தத் தண்ணீராக இருந்தாலும் கடைசி இரண்டு அலசல் கேன் தண்ணீரில். சின்னக்காலைக் கழுவி முடிக்கும்போதும் ஒரு சொம்பு கேன் தண்ணீர். காலுறைகள் இனி உப்பளத்துக் காற்று அடிக்கிற கொடியில் தொங்காது, உள்ளறையில் ஃபேனுக்குக் கீழேதான். பழைய காலுறைகளை அண்ணி ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிந்தாள். இம்முறை நான் பீரோ கதவைக் காட்டவில்லை. ஒவ்வொரு பிழிதலுக்கும் நாக்கில் வைத்துப் பார்த்து "இன்னும் இருக்குது" என்றாள். நானும் ஒரு குழாயில் எடுத்து வைத்து மறுநாள் லேபில் பார்த்தேன். அவள் "போதும்" என்ற தண்ணீரில் தயிர் இல்லை.

"கேன் தண்ணியில குளிக்கிற காலைப் பார்த்திருக்கியாப்பா?" என்று அண்ணன் அப்பாவிடம் கேட்டான். "எனக்கு மட்டும் போர் தண்ணி. நானும் ஒரு லாரியைத் தேடணும் போல."

அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த லாரியை வைத்து என் வீட்டில் கேலி பேச முடிகிறது என்பதே எனக்கு நிம்மதி.

லெக்கை ஒரு மணி நேரம் போட்டேன். மறுநாள் இரண்டு. ஒரு வாரத்தில் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனேன். கழற்றும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பேன். தோலில் காலுறையின் நெசவுத் தடம் பதிந்திருக்கும், கொஞ்சம் சிவந்திருக்கும், விரலால் அழுத்துவேன், மறையும். இருந்தாலும் முன்பு ஒவ்வொரு முறையும் பதினான்காம் நாள் வாக்கில்தான் வெடித்தது. அந்த நாளை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்தபோது அப்பா காரணமில்லாமல் சீக்கிரமாக வீட்டில் இருந்தார். அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே துடைத்தான்.

லெக்கைக் கழற்றினேன். காலுறைகளை உருவினேன். கண்ணாடியை எடுத்தேன், கீழே கொண்டுபோகாமல் மடியில் வைத்துக்கொண்டேன். நான் பார்த்து முடிக்கும்வரை யாரையும் பக்கத்தில் விடாதவள். அண்ணி வந்து கண்ணாடியை வாங்கிக் கீழே பிடித்தாள்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் சாய்ங்க."

முன் எலும்பின் முனை தெரிந்தது. பழைய புண்ணின் வட்டம் வெளிறி, வழவழப்பாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன். வலியில்லை. ஈரமில்லை.

"இன்னா சொல்லுது?" என்று அண்ணன் வெளியிலிருந்து கத்தினான்.

"ஒண்ணும் சொல்லல, சும்மா இருக்குது" என்று அண்ணி கத்தினாள். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். போகும்போது யாரிடமோ "புள்ளைக்கு ஆறிடுச்சி" என்று சொல்லும் சத்தம் கேட்டது.

மாதம் முடிந்து புதுச்சேரிக்குப் போனோம். டாக்டரம்மா அதே போலக் கையில் ஏந்தித் திருப்பினார். விரலால் தட்டினார். எக்ஸ்ரேக்கு எழுதவில்லை.

"நல்லா இருக்குது. ஆபரேஷன் பேச்சே வேணாம். முழு நாளும் போடலாம். என்ன மாத்துனீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் நிலத்தடி நீர், துணியில் தங்கும் குளோரைடு, சோப்பு சரியாகக் கரையாதது, சில்வர் நைட்ரேட், ஒப்பீட்டுக்கு வைத்த இரண்டாவது குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். "நானே லேப்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் மேடம்." அவர் பேனாவை எடுத்து ஃபைலில் குறித்துக்கொண்டார். "வெரி குட். கடலோரத்துலேர்ந்து வர்றவங்க கிட்ட இனிமே தண்ணியைப் பத்திக் கேட்கணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணி ஊன்றுகோலையும் பையையும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள்.

வராந்தாவில் பத்தடி வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். என் குரலிலேயே, "நானே லேப்ல டெஸ்ட் பண்ணேன் மேடம்" என்றாள். பிறகு, "பண்ணு, பண்ணு. படிச்சவ நீ" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அப்படியே திரும்பினேன். வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, "டோக்கன் இல்லாம எங்கம்மா போற?" என்று நர்ஸ் அதட்டுவதையும் தாண்டி, கதவில் தலையை நீட்டினேன்.

"மேடம், ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். உப்புதான் காரணம்னு மொதல்ல கண்டுபுடிச்சது எங்க அண்ணி. நான் அப்புறமாத்தான் டெஸ்ட் பண்ணேன்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்படியா? அவங்க எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

"காலுறையை நக்கிப் பார்த்தாங்க மேடம்."

உள்ளே கட்டிலில் காலைக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு டாக்டரம்மா. பிறகு நர்ஸும்கூட.

திரும்பி வந்தபோது அண்ணி தூணுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"ஏன் பாப்பா, நக்கினேன்னா சொன்ன? அத்தனை பேரு முன்னாடி? மோந்து பார்த்தேன்னு சொல்லக் கூடாதா?"

"உப்பை எப்படி அண்ணி மோந்து கண்டுபுடிப்பாங்க? டாக்டரம்மா நம்ப மாட்டாங்க."

"பெரிய டீச்சரு. இனிமே இந்த ஆஸ்பத்திரிக்கு உன்கூட நான் வருவேன்னு நெனைக்காத."

"இனிமே அடிக்கடி வர வேண்டியதே இல்ல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

அன்று நாங்கள் ஆட்டோ பிடிக்கவில்லை. வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனோம். நான் கையை வீசிக்கொண்டு முன்னால், தேவைப்படாத ஊன்றுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி பின்னால், வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே.